செய்தித்தாளில் எத்தனை "அடி"!

இரண்டே எழுத்து. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல். அதுதான் "அடி".

"அடி" என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? வாத்தியாரின் பிரம்பு நினைவு வரலாம். தச்சரின் அளவுகோல் நினைவு வரலாம். வீடு கட்ட மனை பார்த்துக்கொண்டு இருப்பவருக்கு "சதுர அடி என்ன விலை?" என்ற கவலைதான் முதலில் வரும்.

காலைப் பத்திரிகையை விரித்துப் பாருங்கள். "மேட்டூர் அணை நீர்மட்டம் 100 அடியை எட்டியது" என்று முதல் பக்கத்தில் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே "கூட்டத்தில் போலீஸ் தடியடி" என்று ஒரு செய்தி. அதற்குக் கீழே, "புதிய பாலத்துக்கு மந்திரி அடிக்கல் நாட்டினார்." உள்ளே புரட்டினால், "நகைக்கடையில் கொள்ளை அடித்தவர்கள் பிடிபட்டனர்." கடைசிப் பக்கத்துக்குப் போனால், "சதம் அடித்தார்!"

ஒரே சொல். ஐந்து செய்தி. ஐந்து அர்த்தம்.

புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் எழுத்துக் கூட்டி "அடி" என்று படித்து விடுவார்கள். அது எந்த அடி என்பதைப் பக்கத்தில் இருக்கும் சொல்தான் காட்டிக் கொடுக்கும். பல நேரங்களில் இதில் தவறினால் நஷ்டம் ஒன்றும் இல்லை. சிரித்துவிட்டுப் போகலாம். சில நேரங்களில் வீடும், உயிரும், மானமும் இந்த இரண்டு எழுத்தைச் சரியாகப் புரிந்துகொள்வதில் இருக்கிறது.

பாதத்தில் இருந்து வந்தது

அடி என்பதற்குப் பாதம் என்று ஒரு பொருள் உண்டு. பாதம் உடம்பின் கீழே இருக்கிறது. ஆகவே, கீழே இருப்பது எல்லாம் அடி ஆகிவிட்டது. பானையின் அடி, மலையின் அடிவாரம், மரத்தடி எல்லாம் அப்படி வந்தவை. கட்டிடத்துக்குக் கீழே வைக்கும் முதல் கல் அடிக்கல்.

பாதத்தைத் தூக்கி வைத்தால், அதுவும் ஓர் அடி. 1969-ம் ஆண்டு ஜூலை மாதம் ஆம்ஸ்டிராங் சந்திரனில் இறங்கினார். "சந்திரனில் மனிதன் காலடி வைத்தான்" என்று சொல்கிறோம். அடி அவ்வளவு தூரம் போய்விட்டது!

பாட்டில் வரும் வரிக்கும் அடி என்றுதான் பெயர். திருக்குறளில் 1,330 குறள்கள். ஒவ்வொன்றுக்கும் 2 அடி. ஆக மொத்தம் 2,660 அடி.

பெரியவர்களின் பாதத்தைத் தொழுவது நம் நாட்டு வழக்கம். அதனால் துறவிகளுக்கு "அடிகள்" என்று மரியாதைப் பெயர் வந்தது. சிலப்பதிகாரம் பாடியவர் இளங்கோ அடிகள். வேதாசலம் என்ற தமிழ் அறிஞர் மறைமலை அடிகள் ஆனார். "அடிகளாருக்கு வரவேற்பு" என்று தலைப்பைப் பார்த்து, யாருக்கோ அடி விழுந்தது போல் இருக்கிறது என்று பயப்பட வேண்டியது இல்லை.

பிரம்பால் அடிக்கும் அடி வேறு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக ஒரு பெரிய தமிழ் அகராதியை வெளியிட்டது. அதில் பெயர்ச் சொல்லான அடியும், "அடித்தான்" என்று வரும் வினைச் சொல்லும் தனித்தனியாகத்தான் இடம் பெற்றிருக்கின்றன.

அணையில் இரண்டு அடி

அளக்கும் அடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் மீட்டர், கிலோ அளவுகளைக் கொண்டு வரும் சட்டம் 1956-ம் ஆண்டு வந்தது. அதன் பிறகு துணி, கஜத்தை விட்டு மீட்டருக்குப் போனது. அரிசி, படியை விட்டுக் கிலோவுக்குப் போனது. ஆனால், வீட்டு மனையும் அணைக்கட்டும் அசையவில்லை! அவை இன்னும் அடியில்தான் நிற்கின்றன. (வெயிலும் அப்படித்தான். "104 டிகிரி கொளுத்தியது" என்று எழுதினால்தான் நமக்கு வியர்க்கிறது. 40 என்றால் வியர்ப்பது இல்லை.)

அணைச் செய்தியில் இரண்டு வகை அடி வரும். ஒன்று, வெறும் அடி. இது உயரம். மற்றொன்று, கன அடி. இது தண்ணீரின் அளவு. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

மேட்டூர் அணை 1934-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதில் 120 அடி உயரம் வரை தண்ணீரைத் தேக்கி வைக்கலாம். அப்படியானால் "60 அடி தண்ணீர் இருக்கிறது" என்றால் பாதி அணை நிரம்பிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை! அணைக்குள் இருக்கும் பள்ளம் குடம் போன்றது அல்ல. அகன்ற வாணலி போன்றது. அடிப்பக்கம் குறுகல். மேலே போகப் போக அகலம். வாணலியில் பாதி உயரத்துக்கு எண்ணெய் ஊற்றினால், அது பாதி வாணலி எண்ணெய் ஆகாது. மேட்டூரிலும் 60 அடியில் இருக்கும் தண்ணீர், முழுக் கொள்ளளவில் பாதிக்கும் குறைவுதான். கடைசி 20 அடியில் நிற்கும் தண்ணீர் மிக மிக அதிகம். தஞ்சாவூர் விவசாயிக்கு இது நன்றாகத் தெரியும். ஜூன் 12-ந் தேதி அணை திறக்குமா, திறக்காதா என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர் அவர்.

இன்னும் ஒரு வேடிக்கை இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ம் ஆண்டு தீர்ப்புக் கூறியது. பக்கத்தில் இருக்கும் இடுக்கி அணையின் முழு அளவோ 2,403 அடி! இதைப் படிப்பவர், "அடேயப்பா! இடுக்கி அணை அத்தனை உயரமா?" என்று வாயைப் பிளப்பார். அப்படி இல்லை. முல்லைப் பெரியாற்றின் கணக்கு, அணையில் இருந்து அளந்த கணக்கு. இடுக்கியின் கணக்கு, கடல் மட்டத்தில் இருந்து அளந்த கணக்கு. இடுக்கி மலை மேல் இருப்பதால் மலையின் உயரமும் அதில் சேர்ந்துவிட்டது. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளாவில் பெருவெள்ளம் வந்தபோது, இடுக்கி அணைத் தண்ணீர் 26 ஆண்டுகளுக்குப் பிறகு ஷட்டர் வழியாகத் திறந்து விடப்பட்டது. அப்போது இந்த இரண்டு கணக்கும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வந்தன.

ஒரு கன அடி எத்தனை குடம்?

இனி கன அடிக்கு வருவோம்.

ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நிரம்பும் தண்ணீர் ஒரு கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 28 லிட்டர். பெண்கள் இடுப்பில் தூக்கி வரும் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 2 குடம்.

"வினாடிக்கு ஆயிரம் கன அடி திறப்பு" என்றால் என்ன? கண்ணை மூடித் திறப்பதற்குள் 2 ஆயிரம் குடம் தண்ணீர் போகிறது என்று அர்த்தம்! அடுத்த வினாடி இன்னும் 2 ஆயிரம் குடம். இரவும் பகலும் அப்படியே.

இதில் "வினாடிக்கு" என்ற சொல்தான் உயிர். தலைப்பில் இடம் போதவில்லை என்று அந்தச் சொல்லை விட்டுவிடுவது உண்டு. "20 ஆயிரம் கன அடி திறப்பு" என்று மட்டும் போட்டால், புதிதாகப் படிப்பவர் என்ன நினைப்பார்? "ஏதோ 20 ஆயிரம் திறந்தார்கள், முடிந்தது" என்று நினைப்பார். முடியவில்லை. வந்துகொண்டே இருக்கிறது.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதியை சென்னைவாசிகள் மறக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. அது நிரம்பும் நிலைக்கு வந்ததும் அடையாற்றில் தண்ணீர் திறந்து விட்டார்கள். எவ்வளவு? வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி.

29 ஆயிரம் என்ற எண்ணைப் படித்தவுடன் எத்தனை பேருக்கு அதன் பயங்கரம் புரிந்திருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல். தெருவில் தண்ணீர் கொண்டு வரும் 12 ஆயிரம் லிட்டர் லாரி இருக்கிறதே, அதில் 68 லாரித் தண்ணீர். ஒரே வினாடியில்! இதோடு மற்ற ஏரிகளில் இருந்து வழிந்த தண்ணீரும் அடையாற்றில் சேர்ந்துகொண்டது. கரையோரத்து வீடுகளில் மாடி வரை தண்ணீர் ஏறியது.

"29 ஆயிரம் கன அடி" என்று எழுதுவது சரியான செய்திதான். "வினாடிக்கு 68 லாரித் தண்ணீர்" என்று சேர்த்து எழுதி இருந்தால், படித்த உடனே பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்குப் போகத் தோன்றும். ஆற்றங்கரையில் குடி இருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கன அடி, 2 குடம். அவ்வளவுதான்.

காவிரிச் செய்தியில் வரும் "டி.எம்.சி."யும் இதே கன அடிதான். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு 11 ஆயிரத்து 574 கன அடி வீதம் ஒரு நாள் பூராவும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பில், பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய தண்ணீர் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று முடிவானது. இரண்டு மாநிலத்தார் கோர்ட்டில் வாதாடியதும் அடிக்காகத்தான்!

அடித்தது யார்?

அளக்கும் அடி போதும். வலிக்கும் அடிக்கு வருவோம்.

"போலீசார் லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்." இந்த வாக்கியத்தை நீங்கள் பல தடவை படித்து இருப்பீர்கள். லேசான தடியடி என்றால் என்ன? யாருக்கு லேசு? தடியைப் பிடித்தவருக்கா, முதுகைக் காட்டியவருக்கா? அடி வாங்கியவரைக் கேட்டு, "லேசாகத்தான் இருந்தது" என்று அவர் சொன்ன பிறகு எழுதியது போல் தெரியவில்லை.

சில சமயம் "தடியடி நடந்தது" என்று வரும். மழை பெய்தது, திருவிழா நடந்தது என்பது போல! தடி தானாக எழுந்து அடிக்காது. ஒருவர் கையில் இருந்தது. ஒருவர் மேல் விழுந்தது. "நடந்தது" என்று எழுதினால் இரண்டு பேரும் மறைந்துவிடுகிறார்கள். "நடத்தினார்கள்" என்று எழுதினால் அடித்தவர் தெரிகிறார். கூட்டத்தில் இருந்து கல் வந்தாலும் இதேதான். "கல்லடி விழுந்தது" என்றால் எறிந்தவர் தப்பித்துக்கொள்கிறார். எந்தப் பக்கத்துக்கும் சலுகை வேண்டாம் என்றால், அடித்தவரையும் அடி வாங்கியவரையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

1932-ம் ஆண்டு ஜனவரி மாதம் திருப்பூரில் சுதந்திரப் போராட்ட ஊர்வலம் சென்றது. வெள்ளைக்காரர் ஆட்சியின் போலீசார் தடியால் தாக்கினார்கள். குமரன் என்ற இளைஞர் கையில் கொடியைப் பிடித்தபடியே விழுந்தார். மறுநாள் உயிர் போனது. "கொடி காத்த குமரன்" என்று நாம் கொண்டாடுகிறோமே, அவர்தான். இதையே "திருப்பூர் ஊர்வலத்தில் தடியடி, ஒருவர் சாவு" என்று எழுதினால் அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அடித்தவரும் இல்லை, குமரனும் இல்லை.

பலத்த அடி

விபத்துச் செய்தியில் "தலையில் பலத்த அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்" என்று வரும். தேர்தல் செய்தியில் "கட்சிக்குப் பலத்த அடி" என்று வரும். முதல் அடிக்குக் கட்டுப் போடலாம். இரண்டாவது அடிக்கு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

"அடிதடி வழக்கு" என்று ஊர்ச் செய்திகளில் பார்க்கிறோம். பத்திரிகைக்குப் பலத்த அடி, லேசான அடி என்ற கணக்கு. சட்டத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. சட்டம் கேட்பது, "சாதாரணக் காயமா, கொடுங்காயமா?" என்பதைத்தான். எலும்பு முறிந்தால் கொடுங்காயம். பல் உடைந்தாலும் கொடுங்காயம்தான்! பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில், அடிபட்டவர் 20 நாட்கள் கடும் வலியில் துடித்தால் அல்லது தன் அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனால் அதுவும் கொடுங்காயம் என்று இருந்தது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் அது 15 நாட்கள் ஆகிவிட்டது. ஆகவே அடிதடியில் மாட்டிக்கொண்ட குடும்பத்தார் பத்திரிகையில் "லேசான அடி" என்று வந்திருப்பதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சர்ட்டிபிகேட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெயருக்கு விழும் அடி

உடம்பில் படும் அடி ஆறிவிடும். பெயரில் படும் அடி?

"இந்த விவகாரத்தில் பிரபல தொழில் அதிபர் பெயர் அடிபடுகிறது." இப்படி ஒரு வாக்கியம் வந்தால் உடனே ஒரு கேள்வி கேளுங்கள். யார் சொன்னது? போலீசார் வழக்குப் போட்டு இருக்கிறார்களா? புகார் கொடுத்தவர் உண்டா? இவை இருந்தால் நிருபர் அதையே எழுதிவிடுவார். இல்லாதபோதுதான் பெயர் "அடிபடும்". அடிப்பவர் யார் என்று எழுதாமலேயே ஒருவரை அடித்துவிடலாம். தமிழில் இதைவிட வசதியான சொல் கிடையாது!

இந்தச் சொல்லுக்கு நல்ல முகமும் உண்டு. "புதிய மந்திரிசபையில் இவர் பெயரும் அடிபடுகிறது" என்று வந்தால், அந்த மனிதர் பத்திரிகையை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வார். அப்போது மட்டும் இந்த அடி வலிப்பது இல்லை.

ஆனால் குடும்பப் பெண் ஒருத்தியின் பெயரோ, சின்ன ஊரில் கடை வைத்து இருப்பவர் பெயரோ இப்படி அடிபட்டால், அதோடு அவர்கள் பிழைப்புப் போயிற்று. பிறகு "தொடர்பு இல்லை என்று தெரிய வந்தது" என்று நாலு வரி உள் பக்கத்தில் வரும். முதல் செய்தியைப் படித்த டீக்கடையில் இந்த நாலு வரியை யாரும் உரக்கப் படிப்பது இல்லை.

அடிக்காத அடி

யாரையும் அடிக்காமலேயே அடிக்கும் அடிகளும் ஏராளம். வெயில் அடிக்கிறது. மணி அடிக்கிறது. வயலில் மருந்து அடிக்கிறார்கள். சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். அறுவடை ஆனதும் களத்தில் கதிர் அடிக்கிறார்கள். "கள்ள நோட்டு அடித்த கும்பல் சிக்கியது" என்று செய்தி வருகிறது. பரீட்சையில் பையன் காப்பி அடிக்கிறான். அது தெரிந்ததும் அப்பா அடிக்கும் அடி மட்டும்தான் உண்மையான அடி!

2007-ம் ஆண்டு டர்பன் நகரில் இங்கிலாந்துக்கு எதிராக யுவராஜ் சிங் ஒரே ஓவரில் 6 சிக்சர் அடித்தார். அங்கே பந்தை அடித்தார், சரி. "சதம் அடித்தார்" என்கிறோமே, சதத்தை எப்படி அடிப்பது? கேட்காதீர்கள். சொல் அப்படி அமைந்துவிட்டது.

சில அடிகள் காலத்தோடு போய்விட்டன. "மகனுக்குத் தந்தி அடித்தார்" என்று ஒரு காலத்தில் எழுதாத நாள் இல்லை. 2013-ம் ஆண்டு ஜூலை மாதம் நம் நாட்டில் தந்தி சேவையே நிறுத்தப்பட்டது. "லாட்டரியில் அதிர்ஷ்டம் அடித்தது" என்பதும் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு தடை வந்ததோடு மறைந்தது.

போன அடிகளுக்குப் பதிலாக ஓர் அடி வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது. அதுதான் "அதிரடி". அதிரடிச் சோதனை, அதிரடி மாற்றம், அதிரடித் தள்ளுபடி, அதிரடி ஆட்டம்! சந்தன மரக் கடத்தல் வீரப்பனைத் தேடிக் காட்டில் அலைந்து, 2004-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி சுட்டு வீழ்த்திய போலீஸ் படைக்கு அதிரடிப்படை என்று பெயர். அது பொருத்தம். சேலைக்கு 10 ரூபாய் குறைத்ததற்கும் அதிரடி என்றால்? அதிர்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

இத்தனை அடியும் செய்திப் பக்கத்தில் உண்டு. ஓர் அடி மட்டும் அங்கே கிடையாது. "அடி ராசாத்தி", "அடி என் கண்ணே" என்று பாட்டி பேத்தியைக் கூப்பிடுகிறாளே, அந்த அடி! கதைப் பக்கத்தில் அதற்குத் தாராளமாக இடம் உண்டு. செய்திப் பக்கத்தில் நுழைய முடியாது. பேத்தி கலெக்டராகி ஊருக்கு வருகிறாள். பாட்டி ஓடி வந்து, "அடி என் தங்கமே!" என்று கட்டிக்கொள்கிறாள். பக்கத்தில் நிற்கும் நிருபர் என்ன எழுதுகிறார் தெரியுமா?

"கலெக்டரை அவரது பாட்டி வாழ்த்தினார்."